தெப்பத்தின் மேல் ஒரு பார்வை

கண்ணாடிக்காரர் மதியம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து ரிமோட்டைக் கையில் எடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சுவருக்குள் ஒரு முதலை உறும ஆரம்பித்தது. முதலில் குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் உறுமலுக்குப் பின்னால் ஓர் ஆண்குரல், "பயப்படாதே! நான் இருக்கிறேன்!" என்றது. குழாய் அப்படிப் பேசாது. எங்கள் வீட்டுக்காரரும் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. ஆக, பக்கத்து வீடுதான்.

ஒட்டுக்கேட்பது என் பழக்கமில்லை. சுவர் மெல்லியது, காது நல்ல காது, அவ்வளவுதான்.

கண்ணாடிக்காரர் என்று நாங்கள் சொல்வது, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரை. இந்தத் தெருவில் பாதிப் பேர் மூக்கில் உட்கார்ந்திருப்பது அவர் விற்ற ஃப்ரேம்தான். அவர் மனைவி ஹீரோயினக்கா. கேலிப் பெயர் இல்லை, உண்மையிலேயே ஹீரோயின். கல்யாணத்துக்கு முன்னால், ஒரே ஒரு படத்தில். 'முதலைத் தீவின் மர்மம்' என்று பெயர். தியேட்டருக்கு வந்த வேகத்திலேயே திரும்பிப் போன படம். இருந்தாலும் ஹீரோயின் ஹீரோயின்தானே. நான்கூடப் பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றிருக்கிறேன். என்னை யாரும் மரத்தக்கா என்று கூப்பிடுவதில்லை. எனக்கொன்றும் பொறாமை இல்லை. சொல்ல வந்தேன், அவ்வளவுதான்.

படம் ஓடாமல் போன பிறகு கண்ணாடி வாங்கத்தான் அக்கா அவர் கடைக்குப் போனாள். அப்போதே சோடாபுட்டிக் கண்ணாடி. அவர் ஃப்ரேம் மாட்டிவிட்டார், அடுத்த வருஷம் கல்யாணம். மாப்பிள்ளை ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாராம். அந்தப் படத்தைப் பற்றி வீட்டில் பேச்சே வரக்கூடாது. அவரும் அதைப் பார்த்ததில்லை. பார்க்கவும் வழியில்லை, பிரதி எங்கே போனதென்று தயாரித்தவருக்கே தெரியாது. அந்தப் படத்தின் கதாநாயகன், மாலுமி வேஷம் கட்டியவர், அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் வரவில்லை. ஆனால் கண்ணாடிக்காரர் மனதுக்குள் அந்த மாலுமி இத்தனை வருஷமும் வாடகை கொடுக்காமல் குடியிருந்தார்.

இப்போது யாரோ ஒரு புண்ணியவான் படத்தைத் தேடி எடுத்து இணையத்தில் போட்டுவிட்டான். வெளியூரில் இருக்கும் மகள், "அப்பா, நம்ம அம்மாவைப் பாருங்க!" என்று சந்தோஷமாக அனுப்பிவைத்தாள். பெற்ற பிள்ளைகளைப் போல வம்பிழுத்து வைக்க வேறு யாரால் முடியும்?

நான் கத்தரிக்கோல் கடன் கேட்கப் போனேன். என் வீட்டில் கத்தரிக்கோலுக்குப் பஞ்சமில்லை, அது வேறு விஷயம். அக்கா அந்த நேரம் சலவைக்கடை கவுண்ட்டரில் இருப்பாள். மதியப் பொறுப்பு அவளுடையது. கண்ணாடிக்காரர் கதவைத் திறந்தார். பின்னால் திரையில் மாலுமி வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார்.

"வாங்க தங்கச்சி, உட்காருங்க. இந்தக் கூத்தை நீங்களும் பாருங்க."

உட்கார்ந்தேன். கூத்துதான். எரிமலை ஈர விறகு அடுப்பு மாதிரி புகைந்தது. குகைச் சுவரில் மாலுமி சாய்ந்தால் சுவரும் அவரோடு சாய்ந்தது. புதையல் பெட்டிக்குள் இருந்த எலும்புக்கூட்டின் மண்டையில் அதை மாட்டிவைக்கும் கொக்கி அப்படியே இருந்தது. மாலுமிக்கோ மொத்தமே ஒரு முகம். புயலுக்கும் அதுதான், புதையலுக்கும் அதுதான்.

"மரக்கட்டை! மரக்கட்டைக்கு மீசை ஒட்டிவிட்டிருக்கான் பாருங்க!" கண்ணாடிக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "இவனைப் போய் ஹீரோன்னு…"

அக்காவும் சும்மா இல்லை. முதலை இடதுபக்கம் வரும், அக்கா வலதுபக்கம் பார்த்து, "ஐயோ, முதலை!" என்று அலறுவாள். ஓடச் சொன்னால் நேராகப் போய் ஒரு மரத்தில் மோதிக்கொண்டாள். நான் நடித்த மரம் இதைவிடத் தேவலை என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்புறம் தெப்பம் வந்தது.

முதலையிடமிருந்து தப்பித்து இரண்டு பேரும் தெப்பத்தில் மிதக்கிறார்கள். மாலுமி அதே முகத்தோடு, "நாளை நாம் உயிரோடு இருப்போமா தெரியாது" என்கிறார். அக்கா பதில் சொல்லவில்லை. அவரைப் பார்க்கிறாள். மெதுவாகக் கையை உயர்த்தி அவர் கன்னத்தை ஒரு முறை தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பார்வை இருக்கிறதே! அட்டை எரிமலை, கொக்கி போட்ட எலும்புக்கூடு எல்லாம் எனக்கு ஒரு கணம் மறந்துபோனது. தண்ணீர் தண்ணீராகத் தெரிந்தது.

கண்ணாடிக்காரர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். படத்தைப் பின்னால் ஓட்டினார். மறுபடி தெப்பம். மறுபடி அந்தப் பார்வை.

"தங்கச்சி, நீங்க ஒரு பொம்பளை. சொல்லுங்க. இது நடிப்பா?"

நான் யோசிப்பது போல் பாவனை செய்தேன். "மத்த சீன்ல எல்லாம் நடிப்பு வரலையேண்ணே. இதுல மட்டும் எப்படித் திடீர்னு வரும்?"

சொல்லியிருக்க வேண்டாம்தான். வாய் சும்மா இருக்கிறதா?

அவர் முகம் அந்த மாலுமி முகத்தைவிட விறைத்துப்போனது. "அதான். அதேதான் நானும் நினைச்சேன்," என்றார்.

அன்றிலிருந்து மதியம் தவறாமல் கடைக்கதவு சாத்தப்பட்டது. கண்ணாடி வாங்க வந்தவர்கள் எழுத்துத் தெரியாமல் அலைந்தார்கள். படத்தை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். மாலுமி மேல் இன்னும் என்ன குறை கண்டுபிடிக்கலாம் என்றுதான் பார்த்தார். ஆனால் ஒரு படத்தை அத்தனை முறை பார்த்தால் அது மெல்ல ஆளை மயக்கிவிடும் போலிருக்கிறது. ஒருநாள் படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டு, "அந்த முதலைக்குள்ள இருந்த ஆள் யாருன்னு தெரியல தங்கச்சி, என்னமா நடிச்சிருக்கான்! தெப்பத்தைக் கடிக்க முடியாமத் திரும்பிப் போறப்போ அந்த முதுகைப் பாருங்க. முதுகுலயே ஒரு ஏமாத்தம் தெரியுது," என்றார். இன்னொரு நாள், தெப்பத்தின் கயிற்று முடிச்சு ஒவ்வொன்றும் உண்மையான முடிச்சு, செட் போட்டவன் வேலை தெரிந்தவன் என்றார். எல்லோரையும் பாராட்டினார். பின்னணியில் வயலின் வாசித்தவரைப் பாராட்டினார். மாலுமியை மட்டும் திட்டினார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும்? டிவி சூடு ஆறுவதற்குள் அவள் வேலையிலிருந்து வந்துவிடுவாள். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. நிபந்தனை அவர் போட்டது, அவரே உடைக்கட்டும் என்று இருந்தாளோ என்னவோ.

அவர் உடைத்தார், ஊரைக் கூட்டி. கட்டடத்துச் செயலாளர் ஞாயிறு மாலைகளில் பொது ஹாலில் படம் போடுவார். கண்ணாடிக்காரர் அவரிடம் போய், "இந்த வாரம் என் பெண்டாட்டி படம் போடுங்க" என்றார். செயலாளர் அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டு அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டார். எனக்கல்லவா தெரியும் அவர் திட்டம். மொத்தக் கட்டடமும் அந்த மாலுமியைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். சிரிக்கும்போது அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பார்லருக்குப் போய் முடியைச் சீராக்கிக்கொண்டு வந்தாள். கடைசி வரிசையில்தான் உட்காருவேன் என்று சொன்னவளைப் பிடித்திழுத்து முன்னால் உட்காரவைத்தோம். கண்ணாடிக்காரர் அவள் பக்கத்தில். அவர் முகத்தில் அன்று ஒரு புதுக் களை. காலையில்தான் ஏதோ கண்டுபிடித்தவர் போல உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

படம் ஆரம்பித்ததும் ஹால் அதிர்ந்தது. குகைச்சுவர் ஆடியபோது முதல் மாடிப் பல் டாக்டர், "அந்தச் சுவத்துக்கும் ரூட் கனால் பண்ணணும்!" என்றார். முதலையின் வயிற்றில் ஜிப் தெரிந்தபோது குழந்தைகள் கூரை இடியக் கத்தின. திரையில் மாலுமி ஒவ்வொரு சிரிப்புக்கும் செத்துச் செத்துப் பிழைத்தார். கண்ணாடிக்காரருக்கு வயிறு குளிர்ந்தது. அக்காவும் சிரித்தாள். தான் தப்பான பக்கம் பார்த்து அலறியபோது எல்லோரையும்விட அவள்தான் சத்தமாகச் சிரித்தாள்.

தெப்பம் வந்தது. ஒரு குழந்தை ஏதோ சொல்ல வாயெடுத்தது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். திரையில் அந்தப் பார்வை, அந்தக் கை. காட்சி முடிந்ததும் பல் டாக்டர் மெல்லச் சொன்னார்: "அக்கா, இதுக்குப் பேர் நடிப்பு."

யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் எங்கேயோ லேசாகக் கடித்தது. ஆனாலும் தட்டினேன்.

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார்.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்! எல்லாரும் ஏமாறாதீங்க. எனக்கே இன்னைக்குக் காலையிலதான் புரிஞ்சுது. இவளுக்குப் பவர் மைனஸ் ஆறு! கேமரா முன்னாடி கண்ணாடி போட விட்டிருக்க மாட்டாங்க. முதலையை விட்டுட்டு வேற பக்கம் பார்த்தாளே, மரத்துல முட்டினாளே, ஏன்? தெரியல! கிட்டப்பார்வைக்காரங்க கண்ணாடி இல்லாமப் பார்த்தா கண்ணு இப்படித்தான் சொக்கிப்போய் இருக்கும். என் கடைக்குத் தினம் பத்துப் பேர் இப்படிப் பார்த்துக்கிட்டு வர்றாங்க. அந்தக் கட்டையன் மூஞ்சி இவளுக்குத் தெரிஞ்சிருக்கவே இருக்காது. வெறும் புகைமூட்டம்! எதுவுமே இல்லீங்க அதுல!"

சொல்லிவிட்டு விடுதலையான கைதி மாதிரி சிரித்தார். ஹாலும் சிரித்தது. பல் டாக்டர், "அப்போ நாங்க கை தட்டினது மைனஸ் ஆறுக்கா?" என்றார். இன்னும் சிரிப்பு.

அக்கா சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அன்னைக்கு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது," என்றாள் கணவனைப் பார்த்து. "எல்லாமே தெரிஞ்சுது."

போய்விட்டாள். முதலை மட்டும் திரையில் யாரும் கவனிக்காமல் உறுமிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுச் சுவரில் சத்தமே இல்லை. முதலையும் இல்லை, மனிதரும் இல்லை. பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும், அதுவும் கொஞ்சம் கனமாக. கண்ணாடிக்காரர் கடையில் உட்கார்ந்து ஒரே லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு காலைப்பொழுது என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நீங்க கேட்டா சொல்லுவா. என்ன தெரிஞ்சுதாம்? மைனஸ் ஆறு வெச்சுக்கிட்டு என்ன தெரியும்? பொய் சொல்றாளா? பொய்னா ஏன் அந்தப் பொய்?" லென்ஸை மேசையில் வைத்தார். "அவனைத் தெரிஞ்சுதான் அப்படிப் பார்த்தேன்னு சொல்றாளா?"

இப்படி ஒரு வேலை கொடுத்தால் நான் மாட்டேன் என்று சொல்லுவேனா? மதியம் சலவைக்கடைக்கே போய்விட்டேன், வெளுக்கத் தேவையே இல்லாத ஒரு போர்வையோடு. அக்கா அதை விரித்துப் பார்த்தாள். "சுத்தமா இருக்கே. விஷயத்துக்கு வா," என்றாள்.

"அண்ணன் சரியாச் சாப்பிடறதில்லையாம் அக்கா."

"எவ்வளவு சாப்பிடறார்னு பொங்கிப் போடறவளுக்குத் தெரியாதா? என்ன தெரிஞ்சுதுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரா?"

நான் போர்வையை மடித்தேன்.

"லென்ஸுடி. கண்ணுக்குள்ள ஒட்டிக்கிறது. அந்தக் காலத்து லென்ஸ், கண்ணாடிச் சில்லைக் கண்ணுல போட்ட மாதிரி இருக்கும். நான் லைட்டு ஸ்டாண்டுல முட்டி அதைத் தள்ளி உடைச்சேன். ஒரு லைட்டு போனா ஒரு நாள் ஷூட்டிங் போச்சே. அதனால கம்பெனி வாங்கிக் குடுத்துச்சு. அதுக்குள்ள படமே முடியப் போகுது. மிச்சம் இருந்தது தெப்பம் மட்டும்தான். அதை மட்டும்தான் நான் கண்ணு தெரிஞ்சு நடிச்சேன். முடிஞ்சதும் லென்ஸைக் கழுவித் திருப்பி வாங்கிக்கிட்டான், அந்தக் கஞ்சத் தயாரிப்பாளன்."

"அப்போ… மாலுமி?"

"மாலுமி!" அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இடைவேளையில பன்னு தின்னுட்டு வந்து உட்கார்ந்தான். மீசைப் பசையில ஒரு துணுக்கு ஒட்டிக்கிட்டிருக்கு, கேமரா ஓட ஆரம்பிச்சாச்சு. டைரக்டர் பார்த்தா கட். கட்னா மறுபடி அந்த ஐஸ் தண்ணியில முங்கி எழணும். அதான் கையை எடுத்துத் தட்டி விட்டேன். கன்னத்தைத் தொடற மாதிரி. ஸ்கிரிப்டுல தொடறதே கிடையாது. பார்வையும் விலகக்கூடாது, துணுக்கும் போகணும். செஞ்சேன். ஷாட் ஓகேன்னாங்க. யாருக்கும் தெரியல."

துணி கொடுக்க ஒருவர் வந்தார். அக்கா அவர் சட்டைக் காலரை ஒரு நோட்டம் விட்டு ரசீது போட்டாள். அவர் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"படம் மோசம். நானும் மோசம். எனக்குத் தெரியாதா? ஆனா அந்த ஒரு சீன் எனக்கே எனக்குன்னு இருந்துச்சுடி. இத்தனை வருஷம் கழிச்சு நாலு பேர் கை தட்டினாங்க. இவர் எழுந்து நின்னு அதையும் கண்ணு பவர் கணக்குல சேர்த்துட்டார். பொறாமைப்படட்டும், வேண்டாங்கல. நல்லா நடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பொறாமைப்படக் கூடாதா?" பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தாள். "இதையெல்லாம் போய் அவர்கிட்ட சொல்லிடாதே."

என்னிடம் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியாதா? போர்வையைக்கூட மறந்துவிட்டு ஓடினேன்.

நான் சொல்லி முடித்ததும் கண்ணாடிக்காரர் கடையைச் சாத்தினார், நானும் பின்னாலேயே போனேன். மாடிக்கு வந்து தெப்பத்தை ஓட்டினார். கன்னத்தருகே நிறுத்தினார். டிவிக்கு முன்னால் மண்டியிட்டு, கடையில் லென்ஸில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மீசை ஓரத்தில் கடுகளவு வெள்ளை. இருந்தது. அக்காவின் விரல் துழாவவில்லை, தேடவில்லை, நேராக அதன்மேல் போய் இறங்கியது. அடுத்த கணம் வெள்ளையைக் காணோம்.

"கண்ணு ஒரு இமைப்பொழுது அதுக்குப் போயிட்டுத் திரும்பி வருது, பாருங்க," என்றார். குரலே மாறியிருந்தது. "போனதே தெரியல. ரெண்டு வேலையும் ஒரே சமயத்துல. தினம் கண்ணைப் பார்க்கிறவன் நான், எனக்கே தெரியல தங்கச்சி." பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாலுமி ஒழிந்தார், இனி இவருக்கு நிம்மதி என்று நான் நினைத்தேன். ஆனால் அவர் நெற்றி மறுபடி சுருங்க ஆரம்பித்தது. பொறாமை காலி செய்த வீட்டில் அடுத்த ஆள் குடிவரச் சற்று நேரம்கூட ஆகவில்லை.

மாலையில் அக்கா வந்தாள், என் போர்வையையும் தூக்கிக்கொண்டு. அதை வாங்கத்தான் நான் அவர்கள் வாசலில் நின்றேன். கண்ணாடிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நல்லா நடிச்சிருக்கே," என்றார். தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அக்கா பையைக் கீழே வைத்தாள். "யார்? முதலையா?"

"நீதான்."

"ஹால்ல அத்தனை பேர் முன்னாடி ஒண்ணு சொன்னீங்களே, அது?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு மாத்திச் சொல்றேன். செயலாளர்கிட்ட சொல்லியாச்சு." அவர் தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒண்ணு மட்டும் கேக்கணும்."

"அதானே பார்த்தேன். கேளுங்க."

"அவ்வளவு நல்லா நடிக்கத் தெரிஞ்சவ, இத்தனை வருஷமா என்னைப் பார்க்கிறது…"

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "அங்க சம்பளம் குடுத்தாங்க. இங்க எவன் குடுக்கிறான், உங்களைப் பார்த்து நடிக்க?"

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. போர்வையால் வாயை மூடிக்கொண்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அசடு வழிய நின்றார். "அந்த மாதிரி நீ என்னைப் பார்த்ததே இல்லையே," என்றார், சின்னப் பிள்ளை பக்கத்து வீட்டுப் பொம்மையைக் கேட்கிற மாதிரி.

"கேட்டீங்களா? படத்தைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க?"

"இப்போ கேக்கிறேன்."

அக்கா ஒரு கணம் யோசித்தாள். பிறகு, நடிக்கப் போகிறவள் மாதிரி தோளைத் தளர்த்திக்கொண்டு, அந்தக் கனத்த கண்ணாடியைக் கழற்றினாள்.

"வேண்டாம்," என்றார் கண்ணாடிக்காரர் அவசரமாக. "போட்டுக்கிட்டே பாரு."

அவள் போட்டுக்கொண்டாள். பார்த்தாள்.

போர்வை என் கைக்கு வந்து வெகுநேரம் ஆகிவிட்டது. எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. ஆனாலும் நின்றுகொண்டிருந்தேன்.